காருக்குள் காற்றின் கச்சேரி

ஆனி பிறந்து ஆடி முடிகிற வரைக்கும் நம்ம பள்ளத்தாக்கில் காற்று என்ன ஆட்டம் போடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குமுளி மலை இடுக்கு வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக வாழைத் தோப்புகளை ஒரு கை பார்க்கிறது. அப்புறம் தேனி தாண்டி, ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கிற காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. தேவாரத்தில் மேற்கே மலை கூப்பிடு தூரத்தில் நிற்பதால் காற்று நேரே தெருவுக்கே வந்துவிடும். மின்கம்பி ஊளையிடும், தகரக் கூரை தாளம் போடும்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி மலருக்கு மலர் கட்டுரை வந்தாயிற்று. நான் எடுத்துக்கொண்டது வேறு சங்கதி. ஓடுகிற காருக்குள்ளே இந்தக் காற்று எப்படிச் சத்தமாக மாறுகிறது? அந்தச் சத்தத்தில் எது நம்மை எரிச்சல்படுத்துகிறது, எது கண்டுகொள்ளாமல் போகிறது? மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நாம் பட்டறையில் நின்றுகொண்டே இதை எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம்? இவ்வளவுதான் விஷயம். எலக்ட்ரிகல் நண்பர்களும் படிக்கலாம், உங்கள் டெசிபலும் இதில் வருகிறது.

அம்பாசடரில் யாரும் புகார் சொல்லாதது ஏன்?

உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் பிறந்து 2014 வரை தயாரான அம்பாசடர் காரில் காற்றுச் சத்தம் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? பழைய டிரைவர் அண்ணன்களைக் கேளுங்கள். "காத்தா? இன்ஜின் சத்தத்துல பின்சீட்டு ஆளு பேசுறதே கேக்காது தம்பி" என்பார்கள். கூரை ஓரத்தில் மழைநீர் வடிகிற விளிம்பு, முன் கதவில் முக்கோணத் திருப்புக் கண்ணாடி, வெளியே துருத்திக்கொண்டு கைப்பிடி, கீல். காற்று மோதிச் சத்தம் போட எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவும் அந்த வண்டியில் உண்டு. இருந்தும் அது கேட்கவில்லை. காரணம் டெசிபல் கணக்கு.

டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடிவிட்டது என்று பொருள். காதுக்கோ அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். அதனால் இரண்டு சத்தங்களைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. 70 டெசிபலும் 70 டெசிபலும் சேர்ந்தால் 140 ஆகாது, 73 தான். 70-உம் 60-உம் சேர்ந்தால்? 70.4! அதாவது இன்ஜின் 70 போட்டுக்கொண்டிருக்கும்போது 60 டெசிபல் காற்றுச் சத்தத்தை அடியோடு ஒழித்தாலும் மிச்சம் பிடிப்பது அரை டெசிபல் கூட இல்லை. பெரிய சத்தத்தை முதலில் அடக்கு, அப்புறம்தான் சின்னது கண்ணில் படும், இல்லை, காதில் படும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் நாட்டுக் கார்களில் இன்ஜின் சத்தம் படிப்படியாக இறங்கியது. அது இறங்க இறங்க, அடியில் ஒளிந்திருந்த டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் வெளியே தலைகாட்டின. இன்றைக்கு பேட்டரியில் ஓடுகிற கார்களில் இன்ஜினே கிடையாது. ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்க்கும்போது "என்னா அமைதி!" என்று வாங்கிய ஆள், ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து "கதவு ஓரத்துல ஏதோ ஊதுது" என்று நிற்பார். அந்த ஊதல் அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததல்ல. அதை மூடியிருந்த போர்வை விலகிவிட்டது, அவ்வளவே.

காற்று சத்தமாவது எப்படி?

காற்று ஒழுங்காக ஓடினால் சத்தம் போடாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நாம் படம் போடுகிற அந்த இணைகோட்டு ஓட்டம் ஊமை. எங்கே ஓட்டம் பிய்கிறதோ, சுழல் பிறக்கிறதோ, அங்கேதான் அழுத்தம் ஏறி இறங்கி ஒலியாகிறது.

இதற்குக் கணக்கு போட்டவர் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேய அறிஞர். 1952-இல் ஜெட் இன்ஜின் சத்தத்தை ஆராய்ந்தார். வெட்டவெளியில் கலங்குகிற காற்றின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாவது அடுக்கில் ஏறும் என்றார். 1955-இல் கர்ல் என்பவர் அதை இன்னும் கொஞ்சம் நீட்டினார். காற்று ஒரு திடப்பொருளின் மேல் மோதிக் கலங்கினால் ஒலித்திறன் ஆறாவது அடுக்கில் ஏறும். ஒரு இடுக்கு வழியாகக் காற்று விட்டு விட்டுப் பீய்ச்சினால் நான்காவது அடுக்கு. எட்டாவது பெரிசு, அப்படியானால் அதுதான் காருக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது அடுக்கு வலிமை பெறுவது ஒலியின் வேகத்தை நெருங்கும்போதுதான். கார் வேகத்தில் அது பூனைக்குட்டி. காருக்கு முதல் எதிரி இடுக்கு, அடுத்த எதிரி உடம்பில் துருத்தி நிற்கிற பாகங்கள்.

ஆறாவது அடுக்கு என்றால் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். வேகத்தை 60 கி.மீ.-இலிருந்து 90 ஆக்கினால் விகிதம் ஒன்றரை. ஒன்றரையின் மடக்கையை 60-ஆல் பெருக்கினால் 10.6 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்குச் சத்தம். 60-ஐ 120 ஆக்கினால் 18 டெசிபல். டயர் சத்தம் வேகத்தோடு இவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. அதனால்தான் ஊருக்குள் டயர் ஜெயிக்கிறது, 100 கி.மீ.-ஐ ஒட்டிப் போகும்போது காற்று ஜெயிக்கிறது.

ஆடிக் காற்றில் தேனியிலிருந்து கம்பம்

மேலே சொன்ன வேகம் ஸ்பீடாமீட்டர் காட்டுகிற வேகம் அல்ல, காற்றுக்கும் காருக்கும் இடையே உள்ள வேகம். இதை வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு அது முக்கால் கதை.

நம்ம பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் படுத்திருக்கிறது. பருவக்காற்றும் அதே திசை. தேனியிலிருந்து கம்பத்துக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கி.மீ. காற்று என்று வையுங்கள். காருக்கு அது 90. ஸ்பீடாமீட்டர் 60-லேயே நிற்க, காற்றுச் சத்தம் மட்டும் 10.6 டெசிபல் ஏறிவிட்டது. திரும்பி வரும்போது காற்று முதுகில். 60-இல் 30 போனால் 30. காற்றுச் சத்தம் 18 டெசிபல் இறங்கிவிடும். போக்குக்கும் வரவுக்கும் வித்தியாசம் 28 டெசிபலுக்கு மேல்! உண்மையில் அவ்வளவும் காதில் தெரியாது, இறங்குகிற நேரத்தில் டயரும் இன்ஜினும் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆனாலும் போகும்போது கத்திப் பேசினவர்கள் வரும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவது இதனால்தான். "இறக்கம், அதான் வண்டி அமைதியா வருது" என்பார்கள். இறக்கமும் ஒரு காரணம்தான், காற்று இன்னொரு காரணம்.

இனி தேவாரத்திலிருந்து போடிக்குப் போகிற ரோட்டைப் பாருங்கள். அது மலையை ஒட்டி, பெரும்பாலும் வடக்கே பார்த்துப் போகிறது. காற்று இடது பக்கம், மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கிறது. கார் 60, குறுக்குக் காற்று 25 என்றால், காரைப் பொறுத்தவரை காற்று நேர் முன்னாலிருந்து வரவில்லை, சுமார் 22 பாகை சாய்ந்து வருகிறது. எந்தப் பக்கம் சத்தம் அதிகம்? காற்று அடிக்கிற இடது பக்கம் என்றுதான் யாரும் சொல்வார்கள். இல்லை, மறைவான வலது பக்கம்தான்!

முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே சாய்ந்து நிற்கிற தூணைக் கவனியுங்கள். முன்கண்ணாடியில் ஏறி வருகிற காற்று அந்தத் தூணின் விளிம்பில் திரும்பும்போது பிய்ந்து, கயிறு முறுக்கின மாதிரி ஒரு சுழலாகப் பக்கக் கண்ணாடியின் மேல் படுக்கிறது. குறுக்குக் காற்றில், மறைவுப் பக்கத்துச் சுழல் கொழுக்கிறது. அது உட்கார்ந்திருப்பது சரியாகக் காதுக்குப் பக்கத்தில். ஆக, போடிக்குப் போகும்போது சத்தம் டிரைவருக்கு, திரும்பும்போது முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு. அடுத்த ஆடியில் சோதித்துப் பாருங்கள்.

காற்று ஒரே சீராக அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம்ம ஊர்க் காற்று மலை முகடுகளில் முட்டி, விட்டு விட்டு அறைகிற காற்று. சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஜெர்மன் அறிஞர் எபர்ஹார்டு ஸ்விக்கர் காதின் குணத்தை ஆயுசு முழுக்க ஆராய்ந்தவர். வினாடிக்கு 4 தடவை போல ஏறி இறங்கும் சத்தத்தைத்தான் காது மிக அதிகமாகத் துடிக்கும் சத்தமாக உணர்கிறது என்று அவருடைய ஆராய்ச்சி காட்டுகிறது. நாம் பேசும்போது அசைகள் வருகிற வேகமும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் மூளை அதை ஒதுக்கித் தள்ளாமல், யாரோ பேசுகிறார்களோ என்று கவனம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது போலும். சீரான 70 டெசிபலில் தூங்கிவிடுகிற ஆள், ஏறி இறங்குகிற 66-இல் தூங்க மாட்டார்.

ஊதல், உறுமல், உதறல்

காற்றுச் சத்தம் எல்லாம் ஒரே ரகம் அல்ல. 'உஸ்' என்று பரவலாக வருவது தூணும் பக்கக் கண்ணாடியும் போடுவது. ஒரே சுருதியில் ஊதினால் அது வேறு சாதி.

மின்கம்பி ஊளையிடுவதைச் சொன்னேன் அல்லவா? 1878-இல் ஸ்ட்ரௌஹால் என்ற செக் நாட்டு இயற்பியலாளர் அதை அளந்தார். உருளையான கம்பியின் பின்னால் காற்று மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. வினாடிக்கு எத்தனை சுழல் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்குங்கள். காரின் ஏரியல் 5 மில்லிமீட்டர், காற்றின் வேகம் 90 கி.மீ., அதாவது வினாடிக்கு 25 மீட்டர். விடை 1000 ஹெர்ட்ஸ். காதுக்கு நன்றாக உறைக்கிற சுருதி. கூரைக் கேரியரில் 25 மில்லிமீட்டர் குழாய் போட்டிருந்தால் 200 ஹெர்ட்ஸ், அது ஊதாது, முனகும். டாக்ஸி ஸ்டாண்டில் சாமான் ஏற்றாத நாளிலும் கேரியரைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்கள் அந்த முனகலோடு டீசலையும் சேர்த்துக் காற்றில் விடுகிறார்கள்.

ஏரியல் கம்பியில் சுருளாக ஒரு வரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு அல்ல. சுழல்கள் கம்பி நெடுக ஒரே நேரத்தில் உதிர்ந்தால்தான் ஊதல் வரும். சுருள் வரி அந்த ஒற்றுமையைக் குலைத்துவிடுகிறது. ஆலைகளின் உயரமான இரும்புப் புகைபோக்கியின் தலைப்பக்கம் சுருளாகத் தகடு சுற்றியிருப்பதும் இதே சூத்திரம்தான். அங்கே ஊதலுக்குப் பயந்து அல்ல, புகைபோக்கியே ஆடி முறிந்துவிடக் கூடாது என்பதற்காக.

அடுத்து உதறல். புதுக் காரில் பின்கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு 70, 80-இல் போனால் காதை யாரோ உள்ளங்கையால் அடைத்து அடைத்துத் திறக்கிற மாதிரி 'தப் தப் தப்' என்று அடிக்கும். குழந்தைகள் அழுதுவிடும். இது கோலி சோடா பாட்டில் வாயில் ஊதுகிற கதையேதான். பாட்டிலுக்குப் பதில் கார், வாய்க்குப் பதில் ஜன்னல். காருக்குள் 3 கன மீட்டர் காற்று, ஜன்னல் திறப்பு 0.15 சதுர மீட்டர் என்று வைத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரத்தில் போட்டால் சுமார் 20 ஹெர்ட்ஸ் வருகிறது. காது கேட்கும் எல்லையின் அடிவிளிம்பு. அதனால் அது சத்தமாகக் கேட்பதைவிட அழுத்தமாக உறைக்கிறது. நல்ல இறுக்கமான கார்களில் இந்த உதறல் 100 டெசிபலைத் தாண்டும்.

இதற்கு மருந்து காசில்லாதது. எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணாடியை நாலு விரல் இறக்குங்கள். பாட்டிலுக்கு இன்னொரு ஓட்டை விழுந்தால் ஊதல் நின்றுவிடும். பழைய கார்களில் இந்த உதறல் அவ்வளவாக இல்லாததற்குக் காரணம், அவை பிறக்கும்போதே ஓட்டைகளோடு பிறந்தவை!

இங்கே மீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் அளக்கிற மீட்டரில் 'ஏ' என்று ஒரு வடிகட்டி உண்டு. மெல்லிய சத்தத்துக்குக் காது எப்படி நடந்துகொள்கிறதோ அப்படி மீட்டரையும் நடக்கவைக்கப் போட்டது. 20 ஹெர்ட்ஸில் அது 50 டெசிபலைக் கழித்துவிடும். 110 டெசிபல் உதறலை அந்த மீட்டர் 60 என்று காட்டும். மீட்டரை நம்பினால் வாசகசாலை அமைதி, தலையை நம்பினால் மண்டையிடி. சத்தத்தின் அளவு வேறு, தரம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கார்க் கம்பெனிகள் இன்று டெசிபலோடு நிறுத்துவதில்லை. காதுக்கு எவ்வளவு உரக்கப் படுகிறது, எவ்வளவு கூர்மை, எவ்வளவு துடிப்பு, பின்சீட்டுப் பேச்சில் எத்தனை சதம் முன்சீட்டுக்குப் புரிகிறது என்றெல்லாம் தனித்தனியாக அளக்கிறார்கள்.

ராஜா பாட்டில் பேஸ் எங்கே போனது?

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் என்பது நம்ம பக்கத்தில் டீக்கடை பெஞ்சுக்கே தெரியும். அந்தப் பேஸ் வீட்டில் கேட்கிறது, ஓடுகிற காரில் ஏன் காணாமல் போகிறது?

காருக்குள் இருக்கும் சத்தம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் இல்லை. டயரும் ரோடும் காற்றும் சேர்ந்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் மூட்டை மூட்டையாகக் கொட்டுகின்றன. போதாக்குறைக்கு காரின் உட்புறமே ஒரு பெட்டி. சுமார் இரண்டரை மீட்டர் நீளத்துக்குள் ஒலி முன்னும் பின்னும் முட்டி 70 ஹெர்ட்ஸை ஒட்டி 'பூம்' என்று உறுமும். பேஸ் கிடார் வாழ்கிற இடம் அதுவே. ஒரே இடத்தில் இரண்டு சத்தம் இருந்தால் பெரியது சின்னதை மூடிவிடும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? பேஸ் குமிழை முழுசாகத் திருப்புகிறோம். இங்கேதான் காதின் இன்னொரு குணம் நம்மைக் கவிழ்க்கிறது. கனமான கீழ்ச் சத்தம் தனக்கு மேலே உள்ள அதிர்வெண்களையும் மூடும், மேல்ச் சத்தம் கீழே உள்ளதை அவ்வளவாக மூடாது. ஆகவே ஏற்றின பேஸ் பாடகரின் குரலை மூடுகிறது. குரல் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறோம். கம்பம் போய்ச் சேர்ந்து வண்டி நின்றதும் ஸ்பீக்கர் அலறும்போதுதான் எவ்வளவு வைத்திருந்தோம் என்று தெரிகிறது. கதவு இடுக்கை அடைக்காமல் ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைக்கிற வேலை என்பது என் கட்சி. ஆடியோ கடை அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பீடிங்கும் பேப்பர் துண்டும்

இனி நம்ம கைவேலை. கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பரைப் பட்டறையில் பீடிங் என்கிறோம். காற்றுச் சத்தத்தில் பாதி வழக்கு அதன் மேல்தான் வரும். எவ்வளவு சின்ன இடுக்கு எவ்வளவு கெடுக்கும்? கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, அந்தக் கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30. ஒரு சதுர மீட்டர் கதவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 10 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு அடி நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இடுக்கு.

நிற்கிற காரில் இந்த இடுக்கு தெரியாமலும் போகலாம். ஓடும்போது தூணை ஒட்டிய காற்று வேகம் கூடி, அங்கே அழுத்தம் குறைகிறது. பெர்னூலி படித்தது இதற்குத்தான். 90 கி.மீ. வேகத்தில் அந்த உறிஞ்சல் சதுர மீட்டருக்குச் சுமார் 375 நியூட்டன் என்று வையுங்கள். கதவின் கண்ணாடிப் பகுதி அரை சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 19 கிலோ விசை கதவின் மேல் சட்டத்தை வெளியே இழுக்கிறது. சட்டம் ஒரு மயிரிழை வளைந்தால் பீடிங் தொடுவதை விட்டுவிடும். "80-க்கு மேல போனாதான் சார் சத்தம் வருது" என்று வண்டிக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பட்டறை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்று அனுப்பிவிடக் கூடாது.

கண்டுபிடிக்கிற வழிகள் எளிமையானவை. ஒரு துண்டுப் பேப்பரைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள், பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் செத்துவிட்டது. பீடிங் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், எங்கே தொடுகிறது என்று உடம்பில் அச்சு விழும். மூன்றாவது வழி, பெரிய கம்பெனிக்காரர்களும் செய்வது. பெயின்டர்கள் ஒட்டுகிற பேப்பர் டேப்பை வாங்கி எல்லா இடுக்கையும், கண்ணாடி ஓரம், சைடு மிரர் அடி, கைப்பிடி எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் வழக்கு இடுக்கில்தான். பிறகு ஒவ்வொரு டேப்பாக உரித்து உரித்து ஓட்டுங்கள். எதை உரிக்கும்போது சத்தம் திரும்பி வருகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாம் ஒட்டியும் சத்தம் குறையவில்லை என்றால் அது தூணோ மிரரோ போடுகிற சத்தம், பீடிங் மாற்றிப் பயனில்லை. வண்டிக்காரரிடம் அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சத்தத்தைப் பிரித்தறிய நியூட்ரலில் உருளவிட்டுக் கேட்பது வழக்கம். அதைச் சமதளத்தில், ஆளில்லாத ரோட்டில் செய்யுங்கள். போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் செய்யாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது. டீசல் மிச்சம் என்று இதைச் செய்கிறவர்கள் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

தோட்டத்து ஜீப்

காரைப் பற்றி இவ்வளவு பேசினேன். ஆனால் நம்ம ஊரில் விடிகாலையில் காற்றுச் சத்தத்தை அதிகம் சுமப்பது கார்க்காரர்கள் அல்ல. தேவாரம், கோம்பை, போடி, கம்பம் ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற நம்ம அக்காமார்களும் அம்மாமார்களும்தான். ஜீப்பின் முன்கண்ணாடி செங்குத்து, கூரை ரெக்சின் அல்லது தார்ப்பாய், பின்பக்கம் திறந்த வாய். 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் வரும், ரெக்சின் அரை, முக்கால் கிலோ. கனம் பாதியானால் தடுப்பு 6 டெசிபல் குறையும் என்பது ஒலித்தடுப்பின் அடிப்படை விதி. பத்தில் ஒரு பங்கு கனம் என்றால் 20 டெசிபல் போச்சு. அதோடு தொய்ந்த ரெக்சின் கொடி மாதிரிப் படபடக்கும். அது தடுப்பதை விட்டுவிட்டுத் தானே சத்தம் போடுகிற பொருளாகிவிடுகிறது.

இதில் என்ன ஆகிறது? பின்னால் வருகிற லாரியின் ஹாரன் டிரைவருக்கு வளைவில் கேட்பதில்லை. உள்ளே யாருக்காவது மயக்கம் வந்து "நிறுத்துங்கண்ணே" என்று கத்தினால் அதுவும் கேட்பதில்லை. கூரைத் தகட்டைத் தட்டிச் சொல்லலாம் என்றால் தகடே இல்லை. ஜன்னல் பக்கம் திறந்திருக்கிற டிரைவரின் வலது காதில் வருஷம் முழுக்க அறை விழுகிறது. தொழிற்சாலைச் சட்ட விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று ஒரு வரம்பாவது உண்டு. மோட்டார் வாகன விதிகள் வண்டி வெளியே போடுகிற சத்தத்தைப் பார்க்கின்றன.

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி, கடையில் விற்கிற மாடலை வாங்கிப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிற நண்பர்களுக்குச் சொல்கிறேன். இதை எடுத்துச் செய்யலாம். செலவு அதிகம் இல்லை. ஒரு ஜீப், ஒரே டிரைவர், ஒரே ரோடு, 30, 45, 60 என்று மூன்று வேகம், ஒவ்வொன்றும் போக ஒன்று, வர ஒன்று. டிரைவரின் வலது காதருகே, இடது காதருகே, பின்பெஞ்சில் என்று மூன்று இடத்தில் அளவு. மீட்டரை 'ஏ' வடிகட்டியோடும், கீழ்ச் சத்தத்தை அவ்வளவாகக் கழிக்காத 'சி' வடிகட்டியோடும் இரண்டு முறை படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கீழ்ச் சத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடும். மொபைல் போன் மைக் கீழ்ச் சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது, காற்று நேரே பட்டால் பிதற்றும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மீட்டர் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் ரெக்சினை இழுத்துக் கட்டி, நடுவே இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுப் படபடப்பை நிறுத்துங்கள். அடுத்து முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ரப்பர் வைத்துப் பாருங்கள். கடைசியாக ரெக்சினுக்கு உள்ளே கனமான இரண்டாவது ஒரு விரிப்பு. எதற்கு எத்தனை டெசிபல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கூட, பின்பெஞ்சில் இருந்து ஒருவர் ஐம்பது சொற்களைப் படிக்க, டிரைவர் பக்கத்தில் இருப்பவர் எத்தனை சரியாக எழுதுகிறார் என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால் மீட்டர் சொல்கிற எண்ணைவிட அந்த எண்ணிக்கைதான் முக்கியம். முதல் அளவை ஆனியிலேயே எடுத்துவிட வேண்டும். செமஸ்டர் முடியட்டும் என்று ஐப்பசிக்குத் தள்ளினால் அளப்பதற்குக் காற்று இருக்காது.